4,29,49,67,297: பகா எண்ணாகத் தோன்றி ஏமாற்றிய எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்கோட்பாடு படிக்கத் தொடங்குபவர்கள் இந்த எண்ணில் ஒருமுறையாவது முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டதும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். பள்ளிக் கணக்கு தெரிந்தால் முக்கால்வாசி புரியும். 7, 10 எண்ணுள்ள கேள்விகளுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. இது வெறும் பத்து இலக்க எண். இதில் அப்படி என்ன இருக்கிறது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இப்படி வாசித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டை 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது, அதாவது 2³² + 1, என்று எழுதினால்தான் அதன் முகம் தெரியும். இரும எண் முறையில் இது ஒரு 1, அப்புறம் 31 பூச்சியங்கள், கடைசியில் இன்னொரு 1. முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்.

இதன் புகழ் ஒரு தவறான ஊகத்தால் வந்தது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் தெ ஃபெர்மா 1640-இல் இதைப் பகா எண் என்று நம்பினார். 92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், லெயோன்ஹார்ட் ஆய்லர் அது பகு எண் என்று காட்டினார்: 641 × 67,00,417.

2. அடுக்கு ஏன் 32? 31, 33 என்று வைத்தால் என்ன?

அடுக்கில் ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி இருந்தால், 2-இன் அடுக்கோடு 1 கூட்டிய எண் தானாகவே உடைந்துவிடும். 2³³ + 1 எப்போதும் 3-ஆல் வகுபடும். 2⁶ + 1 = 65 = 5 × 13. ஆகவே இந்த வடிவத்தில் பகா எண் கிடைக்க வேண்டுமென்றால் அடுக்கே இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64...

அப்படி வரும் எண்களுக்குத்தான் ஃபெர்மா எண்கள் என்று பெயர்: 3, 5, 17, 257, 65,537, பிறகு நம்முடையது. வரிசை எண்ணைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அதனால் ஆறாவதாக வரும் இதை ‘ஐந்தாம் ஃபெர்மா எண்’ என்கிறார்கள். இங்கே பலர் குழம்புகிறார்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறேன்.

3. ஃபெர்மா நிரூபித்தேன் என்று சொன்னாரா, சும்மா ஊகித்தாரா?

1640-இல் ஃபிரெனிகிள் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்களை வரிசையாக எழுதி, எல்லாமே பகா எண்கள் என்று தாம் ஏறக்குறைய நம்புவதாகச் சொன்னார். முழு நிரூபணம் கையில் இல்லை என்பதையும், ஆனால் ஏராளமான வகுத்திகளை விலக்கிவிட்டதாகவும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார். அதனால் அவரைப் பொய் சொன்னவராக்குவது நியாயமில்லை. முதல் ஐந்து எண்களும் உண்மையிலேயே பகா எண்கள். அடுத்ததில்தான் சறுக்கல்.

4. 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும்?

641 வரை. பகா எண்களை வரிசையில் எடுத்தால் அது 116-ஆவது. அதற்கு முன்னால் உள்ள 115 பகா எண்களில் எதுவும் இதை வகுக்காது. காகிதத்தில் செய்பவர்கள் பெரும்பாலும் நூறைத் தாண்டுவதற்குள் சோர்ந்து ‘பகா எண்தான்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தத் தோற்றத்தில்தான் இந்த எண்ணின் வஞ்சகம் இருக்கிறது.

இலக்கங்களின் கூட்டல் 59, எனவே 3-ஆல் போகாது என்பது உடனே தெரியும். கடைசி இலக்கம் 7, எனவே 2, 5 இல்லை. அதற்கு மேல் எளிய சோதனைகள் எதுவும் உதவாது.

5. 641 × 67,00,417 என்பதைக் கையால் சரிபார்க்க முடியுமா?

தாராளமாக. 67,00,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4,02,02,50,200. அதையே 41-ஆல் பெருக்கினால் 27,47,17,097. இரண்டையும் கூட்டுங்கள்: 4,29,49,67,297. அவ்வளவுதான். விடையைச் சரிபார்க்க இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல். அதைக் கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டு.

6. ஆய்லர் நூற்றுப் பதினாறு வகுத்தல்களைச் செய்தாரா?

இல்லை. அப்போது அவருக்கு 25 வயது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். இந்த ஊகத்தின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பியது கோல்ட்பாக் 1729-இல் எழுதிய கடிதம். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால் அது ‘64-இன் மடங்கு, கூட்டல் 1’ என்ற வடிவில்தான் இருக்கும். ஆய்லர் பின்னால் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்.

அந்த வடிவில் உள்ள எண்களை எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். நான்கு தோல்வி, ஐந்தாவதில் வெற்றி. 115 எண்களைத் தாண்டிப் போக வேண்டிய வழி ஐந்து வகுத்தலாகச் சுருங்கிவிட்டது.

7. அந்த ‘64-இன் மடங்கு, கூட்டல் 1’ எங்கிருந்து வந்தது? அதைத்தான் யாரும் விளக்க மாட்டேன் என்கிறார்கள்.

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வையுங்கள். அதற்கு ‘ப’ என்று பெயர். 2³² + 1 மிச்சமில்லாமல் போகிறது என்றால், 2³²-ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி −1 (அதாவது ஒன்று குறைகிறது). இருபுறமும் வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆக, 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால், மீதி முதன்முதலில் 1 ஆவது சரியாக 64-ஆவது அடுக்கில். அதற்கு முன்பே ஆகியிருந்தால் அந்த அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும், எனவே 32-ஐயும் வகுக்க வேண்டும். அப்போது 2³²-இன் மீதி 1 ஆகியிருக்கும், −1 ஆகியிருக்காது.

இப்போது ஃபெர்மாவின் சிறு தேற்றம்: ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-இன் (ப − 1)-ஆவது அடுக்கின் மீதி 1. மீதி 1 வரும் அடுக்குகள் எல்லாம் 64-இன் மடங்குகள். எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு. முடிந்தது. இந்தத் தேற்றத்தை ஃபெர்மா அறிவித்ததும் அதே 1640-இல்தான். தன் ஊகத்தை உடைக்கும் கருவியைத் தானே செய்து வைத்துவிட்டு, அதை எடுத்து வீசாமல் விட்டுவிட்டார். கணித வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண் இதுதான்.

1878-இல் எட்வார் லூக்கா இன்னும் ஒரு படி இறுக்கினார்: 64 அல்ல, 128-இன் மடங்கு, கூட்டல் 1. காரணம் இதுதான்: ப என்பது 8-இன் மடங்கைவிட ஒன்று அதிகமானால், வர்க்கத்தின் மீதி 2 ஆக வரும் ஓர் எண் கட்டாயம் இருக்கும். மீதி 1 வர 2-க்கு 64-ஆவது அடுக்கு தேவைப்பட்டால் அந்த எண்ணுக்கு 128-ஆவது அடுக்கு தேவைப்படும். இதன்படி 641 வரை சோதிக்க வேண்டியவை 257, 641 என்ற இரண்டே பகா எண்கள். அதிலும் 257-ஐ விலக்கிவிடலாம் (கேள்வி 12 பாருங்கள்). மிஞ்சுவது ஒரே ஒரு வகுத்தல்.

8. பெருக்காமலே 641 வகுக்கும் என்று காட்டலாமாமே?

காட்டலாம், அழகாகவே. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5⁴ + 2⁴ (625 + 16)
641 = 5 × 2⁷ + 1 (640 + 1)

முதல் வரியை 2²⁸-ஆல் பெருக்குங்கள்: 5⁴ × 2²⁸ + 2³². இது 641-இன் மடங்கு. அடுத்து, 640⁴ − 1 என்பதை எடுங்கள். இது (640 + 1)(640 − 1)(640² + 1) என்று பிரியும், ஆகவே இதுவும் 641-இன் மடங்கு. 640⁴ என்றால் 5⁴ × 2²⁸ தான். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 5⁴ × 2²⁸ அடிபட்டுப் போய் மிஞ்சுவது 2³² + 1. இரண்டு மடங்குகளின் வித்தியாசமும் மடங்குதானே.

ஆனால் ஒன்று. இது விடை தெரிந்த பிறகு எழுதக்கூடிய நிரூபணம். 641-ஐத் தேடிக் கண்டுபிடிக்க இது உதவாது.

9. சரி, 641 பகா எண். 67,00,417 பகா எண் என்பதற்கு என்ன உறுதி?

அதன் பகாக் காரணி எதுவானாலும் நம் பெரிய எண்ணுக்கும் காரணியாகிவிடும். எனவே அதற்கும் 128 விதி பொருந்தும். 67,00,417-இன் வர்க்கமூலம் 2,588-க்குச் சற்று மேல். அதற்குள் 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகமான பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. எனவே பகா எண்.

சாதாரண வழியில் போனால் 2,588 வரையுள்ள எல்லாப் பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். விதி எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

10. சிறு தேற்றத்தையே சோதனையாக வைத்து, 2-ஐ அடியாகப் போட்டுப் பார்த்தால் பகு எண் என்று தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்காது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோதனை இப்படி: ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நம் எண்ணில் ஒன்று குறைத்தால் 2³². அது 64-இன் மடங்கு. 2⁶⁴-இன் மீதி 1 என்று கேள்வி 7-இல் பார்த்தோம். அதே காரணத்தால் நம் எண்ணால் வகுத்தாலும் மீதி 1. எனவே சோதனையில் இது சுலபமாகத் தேறிவிடும். பகு எண்ணாக இருந்தும் பகா எண் வேடம் போடும் இவற்றைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். எல்லா ஃபெர்மா எண்களுமே 2-ஐ அடியாக வைத்த சோதனையில் தேறிவிடும், பகு எண்ணானாலும் சரி.

அடியை 3 என்று மாற்றினால் வேடம் கலைந்துவிடும். 1877-இல் பெப்பின் சொன்ன சோதனை இதற்காகவே உருவானது: 3-ஐ எடுத்து, 31 முறை திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இங்கே வராது. பத்து இலக்க எண்ணை 31 முறை வர்க்கமாக்குவது கையால் செய்பவருக்குச் சலிப்பான வேலைதான், ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை.

11. காரணியைக் கண்ணால் பார்க்காமல் ‘பகு எண்’ என்று சொல்ல வேறு வழி உண்டா?

உண்டு. வர்க்கங்களை வைத்து. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். நம் எண்ணை இரண்டு விதமாக எழுதலாம்:

65,536² + 1²
62,264² + 20,449²

இரண்டாவது தற்செயலாகக் கிடைத்ததுபோல் இருக்கும், ஆனால் கூட்டிப் பாருங்கள்: 3,87,68,05,696 + 41,81,61,601. அச்சு அசலாக நம் எண். எனவே இது பகா எண்ணாக இருக்க முடியாது. (20,449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது கொசுறு.)

இதோடு நிற்கவில்லை, காரணியும் இதிலிருந்தே விழும். பெரிய எண்களின் வித்தியாசம் 65,536 − 62,264 = 3,272. சிறிய எண்களின் வித்தியாசம் 20,449 − 1 = 20,448. இரண்டுக்கும் பொதுவான 8-ஐ நீக்குங்கள்: 409, 2,556. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 1,67,281 + 65,33,136 = 67,00,417. நம்முடைய பெரிய காரணியேதான்.

12. இதற்கு முன்னால் உள்ள 3, 5, 17, 257, 65,537-க்கும் இதற்கும் ஏதாவது உறவு உண்டா?

நெருங்கிய உறவு. அந்த ஐந்தையும் பெருக்கினால் 4,29,49,67,295, அதாவது நம் எண்ணில் இரண்டு குறைவு. காரணம் எளிது: 2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1), அதில் 2¹⁶ − 1-ஐ மறுபடி அதேபோல் பிரிக்கலாம், இப்படியே கீழே இறங்கினால் ஐந்து ஃபெர்மா எண்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இதனால், முந்தைய எண்களில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2 தான். கேள்வி 7-இல் 257-ஐ வகுத்துப் பார்க்காமலே விலக்கியது இப்படித்தான். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கென்று புதிய பகாக் காரணியைக் கொண்டுவருவதால், பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கும் இது ஒரு நிரூபணம். கோல்ட்பாக் சொன்னது.

13. பலகோணம் வரைவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு பகா ஃபெர்மா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். வேறு எதுவும் ஆகாது என்பதை 1837-இல் வான்ட்சல் நிரூபித்தார்.

நம் எண் பகு எண், அதன் காரணிகள் இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல. எனவே இத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணம் வரைய முடியாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கம் குறைத்தால் முடியும். கேள்வி 12-இல் வந்த 4,29,49,67,295 ஐந்து பகா ஃபெர்மா எண்களின் பெருக்கல். வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் மொத்தம் 31, அவற்றில் மிகப் பெரியது அதுதான். கோட்பாட்டில் முடியும் என்று சொல்கிறேன். 65,537 பக்கத்துக்கே ஹெர்மெஸ் என்பவர் பத்தாண்டுகள் செலவிட்டார்.

14. நிரலில் இந்த எண்ணைப் போட்டால் 1 என்று வருகிறதே?

32 பிட் முழு எண்ணில் போட்டிருப்பீர்கள். அதில் குறி இல்லாமல் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. நம் எண்ணுக்கு 33 பிட் வேண்டும். தலையில் இருக்கும் 1 வெட்டுப்பட்டுப் போனால் மிஞ்சுவது வால் 1 மட்டும்.

64 பிட் முழு எண்ணில் போட்டால் பிரச்சினை இல்லை. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (float) போட்டால் வேறு மாதிரி தப்பு நடக்கும்: அங்கே துல்லியம் 24 பிட்தான், அதனால் கடைசி 1 காணாமல் போய் 4,29,49,67,296 ஆகிவிடும். பகா எண் சோதனை எழுதுபவர்கள் இதில் மாட்டிக்கொண்டு ‘இரட்டைப்படை எண்’ என்று விடை வாங்குவார்கள்.

15. ஒரு சிறுவன் மனக்கணக்காகவே இதன் காரணியைச் சொன்னானாமே, உண்மையா?

சீரா கோல்பர்ன், 1804-இல் பிறந்த அமெரிக்கச் சிறுவன். 1812-இல் லண்டனில் மேடையேறி மனக்கணக்கு செய்து காட்டியபோது இந்த எண்ணைக் கொடுத்தார்கள், 641 வகுக்கும் என்று சொன்னான் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. கேள்வி 6-இல் உள்ள வடிவம் அவனுக்குத் தெரியாது. ஆய்லரின் விடை வெளிவந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன என்பதும் நினைவிருக்கட்டும். அப்படியிருந்தும் எட்டு வயதில் இது சாதாரணமில்லை.

16. இது நிறைவெண்ணா? வகுத்திகள் எத்தனை?

வகுத்திகள் நான்கு: 1, 641, 67,00,417, அப்புறம் இந்த எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் அந்த எண்ணுக்கே சமமானால்தான் அது நிறைவெண். இங்கே அந்தக் கூட்டல் 67,01,059. நிறைவெண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

17. 641-க்கு இதைத் தவிர வேறு சிறப்பு?

1-ஐ 641-ஆல் வகுத்தால் வரும் தசமம் 32 இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்புகிறது:

0015600624024960 9984399375975039

இரண்டு பாதியையும் கூட்டுங்கள். பதினாறு ஒன்பதுகள் வரும். 641 என்பது 10¹⁶ + 1-ஐயும் வகுப்பதால் வரும் விளைவு இது. 2-ஐ வைத்து நடந்த அதே கதை இங்கே 10-ஐ வைத்து நடக்கிறது.

18. இதற்கு அடுத்த ஃபெர்மா எண் என்ன ஆனது?

2⁶⁴ + 1, இருபது இலக்கங்கள். ஃபெர்மா இதையும் பகா எண் பட்டியலில் வைத்திருந்தார். 1880-இல் லாண்ட்ரி தன் 82-ஆம் வயதில் பிரித்தார்: 2,74,177 ஒரு காரணி. அதற்கடுத்தது 39 இலக்கம், 1970-இல்தான் முழுதாகப் பிரிந்தது, மோரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினியின் துணையோடு செய்தார்கள். பதினொன்றாம் ஃபெர்மா எண் வரை எல்லாவற்றுக்கும் முழுக் காரணிகள் தெரியும். பன்னிரண்டாவது இன்னும் பாதியில் நிற்கிறது. 20, 24-ஆம் ஃபெர்மா எண்கள் விசித்திரமானவை: பகு எண்கள் என்பது பெப்பின் சோதனையால் உறுதி, ஆனால் ஒரு காரணிகூடக் கையில் கிடைக்கவில்லை.

19. அப்படியானால் 65,537-க்கு மேல் பகா ஃபெர்மா எண்ணே இல்லை என்று நிரூபித்துவிட்டார்களா?

இல்லை. ஐந்து முதல் 32 வரை உள்ள அனைத்தும் பகு எண்கள் என்று தெரியும், அவ்வளவே. 33-ஆவது என்னவென்று தெரியவில்லை. அதை எழுதவே சுமார் 258 கோடி இலக்கங்கள் வேண்டும், பெப்பின் சோதனை நடத்துவது இன்றைய கணினிகளுக்கும் மலைப்பான வேலை. கேள்வி 7-இன் வடிவத்தில் ஒரு காரணி தற்செயலாக அகப்பட்டால் கதை சீக்கிரம் முடியும். அதைத்தான் பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அரிதாகின்றன, ஃபெர்மா எண்களோ ஒவ்வொரு படியிலும் தம் இலக்க எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றன. அதனால் இனி ஒன்றும் கிடைக்காது என்பது பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புதான், நிரூபணம் இல்லை. ஐந்தாம் ஃபெர்மா எண்ணிலிருந்து எல்லாமே பகு எண்கள் என்று இன்று சொல்பவரும், எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் சொன்னவரும் நிற்பது ஒரே இடத்தில்தான். இன்று சொல்பவரிடம் எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் அதிகம்.